பாட்டெல்லாம் மற்றப் பிள்ளைகளுக்கு

என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். சிறுவர் பாட்டு எழுதுகிறவர். அத்தோடு விட்டிருந்தால் எவ்வளவோ நிம்மதி. படம் கீறுவார், மெட்டுப் போடுவார், நாடகம் பழக்குவார், சின்னப் பிள்ளைகளின் முகத்தில் சிங்க மீசையும் வரைவார். தொண்ணூறுகளில் கல்முனைப் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்தில் விழா என்றாலும் எங்கள் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நிற்கும். "சேர் இரிக்காரா?" இருக்கிறார், எங்கே போவார்! நான் பிளேன்டீ போட எழும்ப வேண்டும். எனக்கு அலுத்துப் போய்விட்டது என்றால், அது சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்வதல்ல.

கல்யாண வீட்டுக்கு வாழ்த்துப்பா, இடம் மாறிப் போகும் அதிபருக்குப் பிரியாவிடைப் பாட்டு, எதற்கும் அவர் இல்லையென்று சொன்னதில்லை. "கேட்டு வந்த ஆக்கள எப்பிடிப் புள்ள வெறுங்கையோட அனுப்புற?" என்பார். "அப்ப நான் என்ன, ஹோட்டல்ல டீ ஊத்துற ஆளா?" என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

பாட்டு எழுதுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. எழுதியதும் எங்கள் மகளை மடியில் இருத்திப் பாடிக் காட்டுவார். அவளுக்கு அப்போது ஐந்து வயது. திருப்பிப் பாடும்போது அவள் நாக்கு எந்தச் சொல்லில் இடறுகிறதோ அதை வெட்டிவிடுவார். கறிக்கு உப்புப் பார்ப்பது போலத்தான். அவள் தடங்கலில்லாமல் பாடிக் கையும் தட்டிவிட்டால் பாட்டு சரி. அடுத்த நாளே அது வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். நண்டுப் பாட்டு பக்கத்துத் தையல்காரரின் மகனுக்கு, மழைப் பாட்டு மருதமுனையில் ஒரு பிள்ளைக்கு. "இது இனி அவன்ட பாட்டு, நீ பாடப்படாது கிளி" என்று அவளிடம் சொல்லியும் வைப்பார். ஒரே பாட்டை இரண்டு பிள்ளைகள் பாடினால் தாய்மாருக்குள் சண்டை வந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

அந்த வருடம் அவளுடைய பாலர் பாடசாலையிலும் கலைவிழா வந்தது. "எனக்கும் ஒரு பாட்டு வேணும் வாப்பா" என்றாள். "ஓம் மகள், நாளைக்கு" என்றார். நாளைக்கும் ஆட்கள் வந்தார்கள். நான் சொல்லிச் சொல்லி வாய் நொந்ததுதான் மிச்சம். "அவளுக்கு எழுதுற ஒரு நிமிஷ வேல புள்ள" என்றார். அந்த ஒரு நிமிஷம் விழா நாள் வரைக்கும் வரவேயில்லை.

சண்டை நடந்ததால் பொழுதுபட்டால் ரோட்டில் நடமாட முடியாத காலம் அது. அதனால் விழாவைக் காலையிலேயே வைத்தார்கள். அவர் திரைக்குப் பின்னால் ஊரார் பிள்ளைகளுக்குப் பவுடர் பூசிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பிள்ளையாகப் பாடப் பாட, முன்வரிசையில் இருந்த எங்கள் மகளின் உதடும் கூடவே அசைந்தது. எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கடைசியில் டீச்சர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்.

"சேர்ட மகளுக்குப் பாட்டுக்கா பஞ்சம்? தெரிஞ்ச ஒண்டப் பாடுங்க கிளி."

அவள் மைக்கிலேயே சொன்னாள்: "அதெல்லாம் மத்தப் புள்ளயள்ற பாட்டு, டீச்சர். எனக்கு ஒண்டும் இல்ல."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. யா அல்லாஹ், நான் எழும்பிவிட்டேன். அவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார், கையெல்லாம் பவுடர். அவள் அவரைப் பார்க்காமல் தானாகவே படியிறங்கி என்னிடம் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடு திரும்பும்போது அவளைச் சைக்கிள் பாரில் இருத்தி உருட்டிக்கொண்டு அவர் நடந்தார், நான் பக்கத்தில். பாதி வழியில் மெல்லப் பாடினார்.

"தோணி மணலில் தூங்குது, துடுப்பு பக்கம் ஏங்குது."

புதுப் பாட்டு. அவள் வழமைபோலத் திருப்பிப் பாடினாள், ஒரு சொல்லும் இடறவில்லை. கையும் தட்டினாள்.

"நல்லாயிரிக்கி. இது ஆருக்கு வாப்பா?"

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். "உனக்குத்தான் மகள், உனக்கு!" என்று நான்தான் நடுரோட்டில் கத்தினேன். அவள் என்னை நம்பவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.