தண்ணி வந்தா அவரு, வரலைன்னா நானு

போர்வெல் வண்டியில டிரில்லர் வேலைங்கறது, தண்ணி வந்தா வேற ஒருத்தருக்குப் பேரு, வரலைன்னா நமக்குப் பேருங்க. ஆபீசோ பட்டறையோ, மாங்கு மாங்குன்னு உழைச்சுப்போட்டு ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்குற ஆளா நீங்க இருந்தா, நான் சொல்றது பட்டுனு புரியும். திருச்செங்கோட்டுல பத்தொம்பது வருசமா எனக்கு இதே பொழப்பு. பெருசா ஆசை ஒண்ணுமில்லீங்க. "குமரேசன் நல்ல வேலைக்காரன்"னு யாராச்சும் சொல்லி, அதை என் சம்சாரம் செல்வி காதால கேக்கணும். ஏன்னா, அவகிட்ட இதுவரைக்கும் அப்படிச் சொன்ன ஒரே ஆளு நாந்தான்.

நின்னதுக்கு ஒரு டீ

வாழப்பாடிப் பக்கம் ஒரு பாக்குத் தோப்பு. நீரோட்டம் பாக்குற பெரியவர் முந்தின நாளே வந்து, உள்ளங்கையில தேங்காயை வெச்சுக்கிட்டு நடந்து, ஒரு எடத்துல கல்லு நட்டுட்டாரு. மறுநாள் அவரு கட்டில்ல உக்காந்து வேடிக்கை பாக்க, நான் லீவரைப் புடிச்சேன். எழுநூறு அடி வரைக்கும் வெறும் புழுதி. தோப்புக்காரர் "போதும், நிறுத்திடலாம்"ங்கறாரு. எனக்கு மட்டும் பாறை மாறுற சத்தம் கேட்டுது. கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ரெண்டு ராடு எறக்குனேன். பீச்சியடிச்சுது பாருங்க தண்ணி! தலையிலருந்து கால் வரைக்கும் எனக்குச் சேறு.

தோப்புக்காரர் துண்டோட ஓடியாந்தாரு. துடைச்சு விடத்தான் வர்றாருன்னு மூஞ்சிய நீட்டுனேன். என்னைத் தாண்டிப் போயி, அந்தப் பெரியவருக்குத் துண்டைப் போத்திக் கால்ல உழுந்துட்டாரு. அப்புறம் என்னைப் பாத்து மனசு எளகி, சம்சாரத்துக்கிட்ட சொன்னாரு: "டிரில்லருக்கு ஒரு டீ குடும்மா, பாவம், அவரும் காலையிலருந்து நின்னுக்கிட்டேதான இருக்காரு."

அரை அடி

அதே பெரியவர் சங்ககிரியில ஒரு புது ஊட்டு வாசல்ல கல்லு நட்டாரு. ஆயிரத்து நூறு அடி போட்டும் சொட்டு ஈரமில்லை. இன்னிக்காச்சும் அவரு மாட்டுனாருன்னு நான் ஓரமா நின்னேன். அவரு நிதானமா குழியைப் பாத்து, கல்லைப் பாத்து, "நான் குறிச்சது சரிதானுங்க, இவரு அரை அடி தள்ளிப் போட்டுட்டாரு"ன்னாரு. அட சாமி! ஆயிரத்து நூறு அடிக்குக் கீழ இருக்கற தண்ணிக்கு அரை அடி கணக்குங்களா? நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ஊட்டுக்கார அம்மா சொன்னாங்க: "அதான பாத்தேன், இவரு வண்டிய நிறுத்தறப்பவே எனக்கு மனசு சரியில்லீங்க."

போட்டோ

ராசிபுரத்துல, எனக்கு முந்தின ஷிப்ட்டுக்காரன் அறுநூறு அடி ஆழத்துல, குழிக்குள்ளயே ஹேமரை உட்டுட்டுப் போயிட்டான். பாறையை இடிக்கிற சாமானே அதுதான். பட்டறையில சொல்லி ஒரு கொக்கி பண்ணி, ஒண்ணரை நாளு சரியா சோறுகூடத் திங்காம, தடவித் தடவி மேல கொண்டாந்துட்டேன். கண்ணுக்கே தெரியாத ஒண்ணைங்க! பெருமை தாங்கல. ஹேமர் பக்கத்துல உக்காந்து போட்டோ புடிச்சு, செல்விக்கும் முதலாளிக்கும் அனுப்புனேன். முதலாளி ஒடனே கூப்பிட்டாரு: "உள்ள உட்டவனே வெளிய எடுத்துட்ட, இதுக்குப் போயி எதுக்கு கண்ணு போட்டோ?"

நாலாம் நம்பர்

மூணு வருசத்துக்கு முந்தின ஆயுத பூசை. "நல்லா உழைச்சவங்களுக்கு மரியாதை பண்றோம், குடும்பத்தோட வாங்க"ன்னு முதலாளியே சொல்லியிருந்தாரு. செல்வி பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, போனை வீடியோவுல வெச்சு முன்னாடி நின்னா. முதலாளி மாலையைக் கையில வெச்சுக்கிட்டு மைக்குல கேட்டாரு: "ஒரு நாள் லீவு கெடையாது, ஒரு புகார் கெடையாது, நம்ம கம்பெனியையே தாங்கறது யாரு?" அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. செல்விக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. நான் வண்டி முன்னால போயி, கழுத்தைக் குனிஞ்சு நின்னேனுங்க.

"நம்ம நாலாம் நம்பர் வண்டி!"ன்னாரு. மாலை என் தலைக்கு மேல போயி வண்டி முகப்புல உழுந்துச்சு. குனிஞ்ச கழுத்தை எப்படி நிமித்தறதுன்னே தெரியல. செல்வி இன்னும் வீடியோ எடுத்துக்கிட்டுத்தான் இருந்தா. அப்ப முதலாளி என் பேரைச் சொல்லி, மைக்குலயே, ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னாரு: "குமரேசா, கொஞ்சம் நவுந்து நில்லப்பா, போட்டோவுல வண்டி நம்பர் மறையுது."

இப்பெல்லாம் பூசைக்கு வண்டிக்கு மாலை போடுற வேலையை நானே கேட்டு வாங்கிக்கறேனுங்க, போடுற வரைக்குமாச்சும் அது என் கையில இருக்குதுல்ல.