தபால்காரி தூக்காத விரல்

கோதுமை விளையும் அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால், ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை விடாமல் ஒரு விரலை மட்டும் தூக்குவார். அதுதான் வணக்கம். தூக்காதவனை ஊர் மனிதனாகவே மதிக்காது. தபால் வேன் ஓட்டும் டல்சி பிராட்டன், புருஷனைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள்கூட எல்லோருக்கும் விரல் தூக்கினாள்.

சாலையோரம் நடந்து போகும் எல்ராய் மட்டும் முழுக் கையையும் தூக்குவான். பழங்குடிப் பையன், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் வேலை. "ஒத்த வெரலா? அதுல என்ன கஞ்சத்தனம் டல்சி?" என்று கேலி செய்வான்.

அவன் இனத்து ஆட்கள் மட்டும் கொட்டகைக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது பண்ணை முதலாளி லிண்ட்சே க்ரோக் வைத்த சட்டம். அதை எல்ராய் நாலு பேர் முன்னால் தட்டிக் கேட்டுவிட்டான். அந்த வாரமே, மரங்கள் சூழ்ந்த வளைவில் அவன் டல்சிக்குக் கை தூக்கிய நேரம், க்ரோக்கின் மகன் பின்னாலிருந்து பிக்கப் வண்டியை ஒடித்து அவன்மேல் ஏற்றினான். எல்ராய் அங்கேயே செத்தான். டல்சி அதைக் கண்ணெதிரே கண்டாள்.

சாயங்காலம் க்ரோக் அவள் வாசலுக்கு வந்தார். குரல் உயரவில்லை.

"அந்த ரோட்டுல தூசி ஜாஸ்தி இல்ல டல்சி? ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே."

மறுநாள், சுட்டுக் கொன்ற நரிகளைத் தொங்கவிடும் வேலியில் அவளுடைய நாய் தொங்கியது. போலீஸ் கேட்டபோது, தூசியில் எதுவும் தெரியவில்லை என்றாள். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

அதன்பின் எதிரே வந்தவர்கள் விரலைச் சற்றுக் கூடுதல் நேரம் தூக்கிப் பிடித்தார்கள். வாயைத் திறக்காததற்கு மரியாதையாம். பாழாய்ப்போன மரியாதை. வளைவு வந்தால், ஆளில்லாத சாலையோரத்தைப் பார்த்து டல்சியின் விரல் தானாக எழும்.

எல்ராயின் தாய் வின்னி தினமும் தபால் பெட்டியருகே நிற்பாள். எதுவும் கேட்டதில்லை. ஒருநாள் கேட்டாள்.

"அன்னிக்கு எம்புள்ள ஒனக்குக் கைய தூக்குனானா?"

"தூக்காம இருப்பானா வின்னி? முழுக் கையயும் தூக்கி, சிரிச்சுக்கிட்டு..."

பாதியில் நிறுத்தி, டல்சி தபாலை அவசரமாக நீட்டினாள்.

"சிரிச்சானா," என்றாள் வின்னி. "அப்ப தூசி இல்ல."

தபாலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட டல்சி தாங்கியிருப்பாள்.

மீதித் தபால் வேனிலேயே கிடந்தது. பெரிய போலீஸ் அதிகாரி இருக்கும் டவுனை நோக்கி வண்டியைத் திருப்பினாள். வளைவில் க்ரோக்கின் பிக்கப் எதிரே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் விரல் எழுந்தது. டல்சியின் விரல்கள் எல்லாம் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தன. ஒன்றுகூட எழவில்லை.

பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். பிக்கப்பின் பிரேக் விளக்கு சிவந்தது. வண்டி நின்றது, பிறகு மெல்லத் திரும்பி அவள் பின்னால் வரத் தொடங்கியது.

டல்சி வேகத்தைக் குறைக்கவில்லை.