இரண்டு முறை அழுத்திய விரல்

எண்பதுகளின் கடைசியில், செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் வேலை பார்த்த டைப்பிங் கடைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற திமிர் எனக்கு.

ஃபிளாப்பியில் சேமிக்க ரொம்ப நேரமாகிறது என்று டைப்பிஸ்ட் கஸ்தூரி அலுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரின் மெமரியில் கொஞ்சம் ஒதுக்கி, அதையே ஒரு டிஸ்க் போல வேலை செய்ய வைத்தேன். சேமிப்பது கண் இமைப்பதற்குள் முடிந்தது.

"மந்திரம் மாதிரி இருக்குது சார்!" என்றாள்.

கரண்ட் போனால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் நானே ஃபிளாப்பிக்கு மாற்றிவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து, வல்லம் கிராமத்துக்காரர்கள் மனைப்பட்டா கேட்டுக் கொடுக்கவிருந்த மனுவின் பெயர்ப் பட்டியலை அவள் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது ஒரு பெயர்கூட இல்லை.

"இன்னாம்மா இது? நாளைக்குத் தாலுகா ஆபீஸ்ல குடுக்கணுமே!" என்று முதலாளி கத்தினார்.

"பக்கத்துக்குப் பக்கம் சேவ் பண்ணேன் சார்," என்று சொல்லி அவள் என்னைப் பார்த்தாள்.

"சரியா அழுத்தியிருக்க மாட்டே," என்றேன்.

அவள் வாதாடவில்லை. தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இருக்கும் சார்," என்று முதல் பெயரிலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் யாருக்கும் தெரியாமல் அந்தப் பொய் டிஸ்க்கை எடுத்துவிட்டேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. நான் அங்கே வேலை பார்த்தவரை, கஸ்தூரி சேமிக்கும் பட்டனை எப்போதும் இரண்டு முறை அழுத்தினாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாவது சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.