நிக்கல் கம்பியும் புற்றுமண்ணும்

எவர்சில்வரையும் இரும்பையும் ஒட்டவைக்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டவர்களே, உங்களுக்கு என் வயிற்றெரிச்சலை விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் கோயமுத்தூர் பம்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சங்கரன்கோவிலில் சொந்தமாகப் பற்றவைப்புக் கடை போட்டார். கடை ஓடாவிட்டால் திரும்பவும் கோயமுத்தூர் ஒற்றை அறைதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நிக்கல் என்ற சொல்லையே கல்யாணத்துக்குப் பிறகுதான் கேட்டேன்.

பொறி பறக்காத வேலை

ஆடித்தபசுத் திருவிழா நெருக்கத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டல் வைத்திருந்த அண்ணாச்சி இட்லி பாய்லரைக் கை வண்டியில் வைத்து, சம்சாரத்தோடு கொண்டுவந்தார். இரும்பு பாய்லரிலிருந்து ஆவி போகிற எவர்சில்வர் பைப் கழன்றுவிட்டது. கூட்டம் வருகிற நேரத்தில் இட்லி இல்லையென்றால் ஓட்டலை மூட வேண்டியதுதான் என்று புலம்பினார்.

என் வீட்டுக்காரர் துண்டுத் தகடுகளில் ஒட்டிக் காட்டினார். இரண்டு உலோகமும் உருகாது. நிக்கல் கலந்த கம்பி மட்டும் உருகித் தண்ணீர் மாதிரி இடுக்கில் ஓடும். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அண்ணாச்சி இவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: “பொறியே பறக்கலயே, இது எப்படிம்மா ஒட்டும்?”

மேலுக்கு முடியாத பாய்லர்

ஒட்டுகிற இடத்தில் தூசியோ எண்ணெயோ இருந்தால் கம்பி ஓடாது. அதனால் பாய்லர் வாயைத் தேய்த்துக் கழுவி, அண்ணாச்சி சம்சாரத்தைக் காவலுக்கு வைத்துவிட்டு, இவர் சாப்பிட வந்தார். திரும்பிப் போய்த் தீயைக் காட்டினால், உருகிய நிக்கல் குண்டு குண்டாகத் திரண்டு தரையில் விழுந்தது. மறுபடி பார்த்தார்; அதே கதை. கைப்பழக்கமே போய்விட்டது, பழைய கம்பெனிக்கே எழுதி வேலை கேட்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு எந்தப் பாத்திரத்தை எந்தச் சாக்கில் கட்டுவது என்ற யோசனை.

பாய்லருக்குக் காவலிருந்த அண்ணாச்சி சம்சாரம் அப்போதுதான் வாயைத் திறந்தார். நாங்கள் உள்ளே இருந்தபோது, கோயில் புற்றுமண்ணைக் குழைத்து பாய்லர் வாயின் உள்பக்கம் பூசியிருக்கிறார். இவர் தலையில் கைவைத்ததைப் பார்த்து அந்த அம்மாவுக்கு வருத்தம். “மேலுக்கு முடியலன்னா, காய்ச்சல் தலவலின்னா அந்த மண்ணத்தான பூசுதோம், பாய்லருக்கு மட்டும் ஆவாதாக்கும்?”

வண்டி திரும்பி வந்தது

மறுபடியும் தேய்த்துக் கழுவிப் பற்றவைத்ததில் நிக்கல் சுற்றிலும் ஓடிப் பிடித்துக்கொண்டது. தபசு அன்று காலையில் ஓட்டல் அடுப்பருகே போய் நின்றேன். ஆவி ‘உஸ்’ என்ற போதெல்லாம் இவரைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்த் தொலை என்று விரட்டிவிட்டார்.

கூட்டமெல்லாம் சாப்பிட்டு முடிந்த பிறகு, அதே கை வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. நான் சாக்கைத் தேடினேன். அண்ணாச்சி பாய்லரைத் திருப்பிக் காட்டினார். ஒட்டிய இடம் அப்படியே பளபளத்தது. விரிசல் விட்டிருந்தது பைப்பின் பழைய வளைவு.

“நீரு ஒட்டுனது கெட்டியாக் கெடக்கு வே, மத்ததெல்லாம்தான் பிய்யுது. இன்னும் ரெண்டு பாய்லர் இருக்கு, ஊரை விட்டுப் போயிராதயும்.”

ஒட்டுகிற வரைக்கும் ஒட்டுமா என்று கவலை, ஒட்டிய பிறகு விட்டுவிடுமோ என்று கவலை. இந்தத் தொழிலில் ஓய்வே இல்லாதவள் வீட்டுக்காரிதான்.