மதினி தொட்டியும் பிளீச்சிங் பவுடரும்

என் அண்ணன் உடையப்பன் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் நல்லது செய்யக் கிளம்பினால், பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ள வேண்டும். கூடப் பிறந்தவள் ராக்காயி சொல்கிறேன், அரிமளத்தில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறவள். நான் எழுத வந்ததும் அவரைப் பற்றி இல்லை. அவருக்கு வாழ்க்கைப்பட்ட என் மதினி சொர்ணவல்லியைப் பற்றி.

அவர்கள் கல்யாணத்தில் அண்ணன் ஒரு முடிச்சுப் போட, நாத்தனார் முறைக்கு மற்ற இரண்டையும் நான் போட்டேன். மறுவருஷமே அண்ணன் மலேயாவுக்குக் கப்பலேறினார், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு. பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான், கடிதாசி நின்றுபோனது. போனவரைப் பற்றி வருஷக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை.

சேவுகன் சித்தப்பா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நடுவீட்டில் உட்கார்ந்தார். "ஆனது ஆச்சு ஆத்தா. அவன் இல்லைன்னு மனசத் தேத்திக்கிட்டு, செய்யவேண்டிய சடங்கச் செஞ்சிரலாம்" என்றார். தாலியைக் கழற்றச் சொல்கிறார்! மதினி நிமிர்ந்து பார்த்து, "அவுக செத்தத நீங்க பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமைதோறும் மதினி மஞ்சள் உரசித் தாலிக்கயிற்றில் பூசுவது நிற்கவில்லை.

ஊரணியில்தான் பெரிய வதை. முங்கி எழுந்தால் படித்துறையில் இருக்கும் அத்தனை கண்ணும் மதினியின் கழுத்துக்குப் போகும். "இன்னும் யாருக்குடி இந்த மஞ்சளு?" என்று ஒருத்தி வாய் கூசாமல் கேட்டுவிட்டாள். அன்றோடு மதினி ஊரணிப் பக்கம் போவதை விட்டார். கொல்லையில் ரெண்டு வாளித் தண்ணீரோடு குளியல் முடிந்துவிடும்.

நாற்பத்தெட்டில் அண்ணன் எலும்பும் தோலுமாக உயிரோடு வந்து இறங்கினார். முதல் ஆளாக ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதவர் அதே சித்தப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரணிக் கதையை நான்தான் அண்ணனிடம் சொன்னேன். உடம்பு தேறியதும் கொத்தனாரைக் கூட்டிவந்து கொல்லையில் குளம் தோண்டச் சொன்னார். அடியெல்லாம் செம்புறாங்கல், கடப்பாரை இறங்கவில்லை. "கீழ போகாட்டி மேல கட்டுங்க" என்றார். தரைக்கு மேலேயே ஏறி இறங்கப் படி வைத்து, சிமெண்டு பூசி, ஒரு பெரிய தொட்டி எழும்பியது. ஊர் அதற்கு யானைத்தொட்டி என்று பேர் வைத்தது. மதினி அதில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் அவரைத் தவிக்கவிட்டதற்காக அண்ணன்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

சில வருஷம் தொட்டித் தண்ணீரைத் தெளியவைக்கப் படிகாரமும் தேத்தாங்கொட்டையும் போதுமாக இருந்தன. பிறகு ஒரு பொல்லாத கோடை வந்தது. கிணறு வற்றியதால் தொட்டித் தண்ணீரை மாற்ற வழியில்லை. பச்சைப்பாசி படர்ந்தது, கொசுப்புழு நெளிந்தது, மதினிக்குக் கையெல்லாம் அரிப்பு. அந்த வருஷம் காலரா பயத்தில் சர்க்கார் ஆட்கள் ஊர்க்கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அந்தப் பொடியை மூக்கோடு ஒட்டிவைத்து மோந்த அண்ணன் துள்ளிக் குதித்தார். "அட, எங்க தோட்டத்துத் தொரை வீட்டு நீச்சக்குளத்து வாசம்! பாசிக்கு இனிமே இதுதான் மருந்து."

புதுக்கோட்டைக்குப் போய் ஒரு பெரிய டின் வாங்கிவந்தார். துரை வீட்டுக் குளத்தின் வாசம் அவருக்கு ஞாபகம் இருந்தது. எவ்வளவு போடுவார்கள் என்பதுதான் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன், கண்ணில் நீர் கொட்டியது. கொல்லையில் அண்ணன் காலி டின்னோடு நின்றுகொண்டிருந்தார். மதினி மஞ்சள் பூசிக்கொண்டு தொட்டியில் இறங்கியிருந்தார்.

"முழுசையுமா கொட்டுனீங்க?"

"வாசமே வரலயே ராக்காயி, என்ன செய்ய?" என்று சொல்லி ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சினார். மலேயாவில் பழகிய பொடி. அந்த மூக்கு முக்கால்வாசி மரத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது!

"கண்ணு எரியுதுங்க" என்றார் மதினி.

"தொரைசாணிக்கும் எரியும். எரிஞ்சாத்தான் சுத்தம்."

நான் தொட்டியை எட்டிப் பார்த்தேன். மதினியின் முகம், கழுத்து, கையெல்லாம் ரத்தச் சிவப்பு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் சுவர் மேலே தலையை நீட்டி, "ஐயோ, ரத்தம்!" என்று அலறினாள். அண்ணன் கையிலிருந்த டின் விழுந்து உருண்டது.

மதினி தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எதுக்குக் கெடந்து கத்துறீங்க? மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்காதா? ஆரத்திக்கு ஆலம் கரைச்சதே இல்லையா நீங்க? இந்தப் பொடியில சுண்ணாம்பு கெடக்கு, அம்புட்டுதான்." சிவப்பைக் கழுவ நன்றாக முங்கி, இன்னும் கொஞ்சம் ஊறி எழுந்தார். வழக்கம்போலத் தாலிக்கயிற்றை எடுத்துப் பிழிந்தார்.

கயிறு வெள்ளையாக இருந்தது. நூல் நூலாக, ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல்.

மதினியின் சிரிப்பு அப்படியே நின்றது. கயிற்றைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். படியிறங்கி ஓடிவந்து ஈரக்கையால் அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். கண்ணெதிரே நிற்கிற மனுஷன் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தார்!

"ஊரே வந்து கழட்டச் சொன்னப்பக்கூட நான் இத வெளுக்க விடலயே" என்றார். "நீங்களே வெளுக்க வச்சுட்டீங்களே."

ஜப்பான்காரன் அடித்த அடியைச் சிரித்துக்கொண்டே சொல்கிற அண்ணன், நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பிச்சையம்மாள் மட்டும் பேயறைந்தது போல நிற்காமல் வேலையைப் பார்த்தாள். புதுக்கயிற்றில் மஞ்சளை அரைத்துப் பூசிக் கொண்டுவந்து, "கழுத்து வெறுமையா இருக்கக் கூடாது. இதக் கட்டிட்டு அப்புறமா அதக் கழட்டுங்க" என்றாள். மதினி அண்ணன் முன்னால் போய் நின்றார். அண்ணன் முடிச்சுப் போட்டார். மீதி இரண்டு முடிச்சும் என்னுடையவை. போடப் போன நான் அலறிவிட்டேன். அண்ணன் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சள் கயிறு சிவந்துகொண்டிருந்தது. அவர் கையில் ஒட்டியிருந்த பொடியை யாரும் கவனிக்கவில்லை.

"இருங்க, கையக் கழுவிட்டு வந்து வேற கயிறு கட்டுறேன்" என்று அண்ணன் பதறினார்.

மதினி கயிற்றை முன்னால் இழுத்து, அந்தச் சிவப்பு விரல் தடங்களைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார். "மொதத் தடவ கட்டிட்டு எங்கிட்டோ போயிட்டீங்க. இப்பத்தான் நீங்க கட்டுனது கண்ணுக்குத் தெரியுது. ராக்காயி, நீ ஒன் முடிச்சப் போடு."