சந்தனம் வைத்த லேப்டாப்

இரண்டு வாரத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜெர்மனியிலிருந்து மகள் கேட்டாள்: “அப்பா, அம்மா மிக்ஸி போடறாங்களா?”

மிக்ஸி ஓடவில்லை. வசந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரைந்தது லேப்டாப். அடியில் கை வைத்தேன் – தோசைக்கல்.

“நீங்க பேசறது ஒண்ணுமே கேக்கலப்பா. அப்புறம் பேசறேன், சரியா?”

கட்.

அந்த ‘அப்புறம்’தான் என் கவலை. ஜெர்மனி போன புதிதில், வெந்தும் வேகாத சோற்றைக்கூடக் கேமராவில் காட்டி, சாயங்காலம் முழுக்கப் பேசியவள் அவள். பிறகு பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. ஃபேன் சத்தம்தான் காரணமா... இல்லை, சத்தம் ஒரு சாக்கா? வசந்தி இதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் லேப்டாப்பை முறைத்தோம்.

லேப்டாப் அவளுடையதுதான். ஆர்க்கிடெக்சர் படித்தபோது வாங்கியது. கொரோனா வந்து கல்லூரியே வீட்டுக்குள் நுழைந்தபோது, எங்கள் ஹால் அவளுடைய வகுப்பறை ஆயிற்று. ஜன்னலோரம்தான் சிக்னல் வரும். ஜன்னலோரம்தான் என் கட்டிலும். வரைந்த கட்டடத்தைப் போட்டோ போல மாற்றுகிற ‘ரெண்டரிங்’ வேலையை அவள் ஆரம்பித்தால், லேப்டாப் மலையேறுகிற லாரி மாதிரி உறுமும்.

“அதை நிறுத்தேன்... தூங்க வேணாமா?” என்பேன்.

“காலைல சப்மிஷன்ப்பா!” என்பாள்.

அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த ஜன்னலோரத்தில் இஸ்திரி போட வேண்டிய துணிகள் இருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் எதையும் வரிசைப்படி செய்கிறவன். தேவையில்லாத புரோகிராம்களை மூடினேன். லேப்டாப்பை மெத்தையிலிருந்து மேஜைக்கு மாற்றினேன். அடியில் நான்கு மூலைக்கும் நான்கு பாட்டில் மூடி வைத்துத் தூக்கி நிறுத்தினேன். ஒன்றும் சரிப்படவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சாதிக்கிடம் எடுத்துப் போனேன்.

சாதிக் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மூக்கைக் கொண்டுபோனார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“சார், இது என்னா?”

காற்று வெளியே போகிற சன்னமான கம்பி இடுக்குகளில் மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் சிவப்பு.

“சந்தனம் சார். குங்குமம் வேற. ஹீட் வெளிய போறதே இந்த வழியாத்தான். மூக்கைப் பொத்திக்கினு கிரிவலம் போய்ப் பாருங்க, தெரியும்.”

வீட்டுக்கு போன் போட்டேன்.

“ஆமா, ஆயுத பூஜைக்கு வெச்சேன்,” என்றாள் வசந்தி. “மூடி மேல வெச்சா கறையாயிடும்னு அன்னைக்கு யாரு குதிச்சது? அதான் கண்ணுக்குத் தெரியாத எடமா பாத்து பின்னாடி வெச்சேன். வருஷா வருஷம் அங்கதான் வெக்கறேன். நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சாதிக், “அக்கா, அடுத்த வருஷம் லேப்டாப் பை மேல வெச்சிடுங்க!” என்றார்.

உள்ளே திறந்தால் இன்னொன்று. பிராசஸர் மேல் சூட்டைக் கடத்துவதற்காக ஒரு பேஸ்ட் தடவியிருப்பார்களாம். அது காய்ந்து உதிர்ந்திருந்தது. ஆக, உள்ளே தடவ வேண்டியது காய்ந்துபோய், வெளியே தடவக் கூடாதது அப்பியிருந்தது. இரண்டையும் சரி செய்து கொடுத்தார்.

சூடு குறைந்தது. சத்தம்? கேமராவைப் போட்டதும் மறுபடி அதே உறுமல்.

மிச்சம் இருந்தது செட்டிங்ஸ். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறந்தேன். லேப்டாப் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று நாமே திட்டம் போட்டு, பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் மகள் இரண்டு வைத்திருந்தாள்.

ஒன்றின் பெயர் ‘சப்மிஷன்’. டிக் அதில்தான் இருந்தது. பிராசஸரின் குறைந்தபட்ச வேகமும் நூறு சதவீதம், அதிகபட்சமும் நூறு சதவீதம். சும்மா இருக்கும்போதும் முழு ஓட்டம்! பின்னே உறுமாமல் என்ன செய்யும்?

இன்னொன்றின் பெயர்... ‘அப்பா தூங்கறார்’.

அதில் அதிகபட்ச வேகமே பாதிதான்.

கொரோனா நாட்களில் ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் அடங்கியது உண்மை. அதற்கு நான் வாங்கி வந்த அலுமினிய ஸ்டாண்டுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். டைரியிலும் அப்படித்தான் எழுதினேன். அதன் கால் உடையும்வரை, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த ஸ்டாண்டைக் காட்டினேன்.

டிக்கை மாற்றினேன். லேப்டாப் அமைதியானது.

போன ஞாயிறு அழைப்பு வந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன். “பாப்பா, ‘அப்பா தூங்கறார்’னு ஒண்ணு பாத்தேன்...”

“ஐயோ, அது இன்னும் இருக்குதாப்பா?”

“அதுல போட்டா உன் வேலை மெதுவாத்தானே ஆவும்?”

“ஆமா, ஜாஸ்தி நேரம் ஆவும். நீங்க காலைல ஆபீஸ் போவணுமே.”

“நான் ஸ்டாண்டுனாலனு நெனச்சேன்.”

“தெரியும்ப்பா. எல்லாருக்கும் காட்டினு இருந்தீங்களே... அதான் சொல்லல.”

வசந்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பேச்சு நின்றது. எனக்குப் பழகிப்போன இடைவெளி அது. அடுத்து ‘அப்புறம் பேசறேன்’ வரும் என்று காத்திருந்தேன்.

“அப்பா... ஒரு நிமிஷம் பேசாதீங்க.”

பேசவில்லை. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. தெருவில் ஓர் ஆட்டோக்காரர் யாரையோ செல்லமாகத் திட்டினார். கோயிலில் மணி அடிக்க ஆரம்பித்தது.

“மணிதானே அது?”

“ஆமா.”

“இத்தனை நாளா இது எதுவுமே கேக்கலப்பா. உர்ருனு ஒரே சத்தம்தான். நான் சமைக்கப் போறேன், நீங்க கட் பண்ணாதீங்க. பேசணும்னு இல்ல... அப்படியே வெச்சிருங்க.”

போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கத்தி பலகையில் படும் சத்தம்கூட இங்கே துல்லியமாகக் கேட்டது. இருட்டிய பிறகும் யாரும் கட் செய்யவில்லை.

லேப்டாப் இப்போது சூடாவதே இல்லை. எங்கள் காபிதான் ஆறிப்போகிறது.