கம்பத்தில் ஆள் இருக்கிறார்

போன கிழமை ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன். வேண்டுமென்று அல்ல... உதவி செய்கிற அவசரத்தில்.

புயல் போய் மூன்றாம் நாள். இணுவிலில் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. நாங்கள் மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து கூரைகளில் சோலார் போட்டு, ஒரே வயரில் இணைத்து, பொதுவாக ஒரு பட்டரியும் வைத்திருக்கிறோம். பட்டரி தீர்ந்தால் என் எலெக்ட்ரிக் காரை அந்த வயரில் கொழுவலாம் — மூன்று வீட்டுக்கும் அது கரண்ட் கொடுக்கும். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட ஏற்பாடு. வெயிலே இல்லாத மூன்று நாளில் பட்டரி படுத்துவிட்டது.

காலை பத்து மணிக்கு மூன்றாவது வீட்டு ஜெயந்தி அக்கா ஓடிவந்தார். மெஷினில் முட்டை வைத்துக் கோழிக்குஞ்சு பொரித்து விற்பதுதான் அவருக்குப் பிழைப்பு.

"தம்பி, மெஷின் ஆறுது. நாளைக்குப் பொரிக்கிற முட்டையள். உள்ளுக்குள்ளை குஞ்சுகள் கத்துறது கேக்குது. காரைக் கொழுவுங்கோ."

காரை அவர் வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்றால், ஒழுங்கைக்குக் குறுக்கே வேம்பு விழுந்து கிடந்தது. பொது வயர்தான் ஒரே வழி.

செய்யவேண்டியது இவ்வளவுதான். காரைக் கொழுவிவிட்டு, சுவரில் உள்ள பெரிய சுவிச்சைக் கீழே இழுக்க வேண்டும். அது மூன்று வீட்டையும் ஒன்றாக ரோட்டு லைனிலிருந்து துண்டித்துவிடும். துண்டிக்காவிட்டால்? காரின் கரண்ட் வீட்டோடு நிற்காது. ரோட்டுக் கம்பிக்கும் ஏறும்.

இழுத்தேன். இறங்கியது. காரின் பட்டனில் விரலை வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, பொறுங்கோ," என்றாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். "உந்தச் சுவிச்சை வழமையா ரெண்டு கையாலையெல்லே இழுக்கிறனியள். இப்ப எப்பிடி ஒரு விரலுக்கு இறங்கினது?"

தூக்கினேன். இறக்கினேன். கைப்பிடி மட்டும் தொளதொளவென்று ஆடியது. உள்ளே லைன் துண்டிக்கப்பட்டதா, இல்லையா? ரோட்டில் கரண்ட் இல்லாத நேரத்தில் எதை வைத்துப் பார்ப்பது?

"அக்காவின்ரை முட்டையள்..." என்று இழுத்தேன்.

அவள் ஒழுங்கை முனையைக் காட்டினாள். அங்கே கம்பத்தில் மின்சார சபைக்காரர் ஒருவர் ஏறி நின்று, அறுந்த கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

வேப்பங்கொப்புகளுக்குள் புகுந்து ஓடினேன். கீழே நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மெதுவாக இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"போட்டிட்டியளோ?"

"இல்லை அண்ணை."

"வடிவாச் சொல்லுங்கோ. போடேல்லைத்தானே?"

"போடேல்லை."

மூன்று வீட்டுக்கும் வந்தார். ரோட்டு வயர் வந்து சேரும் இடத்தில் இருந்த பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது என்னட்டை இருக்கட்டும். இப்ப போடுங்கோ."

பட்டனை அழுத்தினேன். ஜெயந்தி அக்கா வீட்டுப் பக்கமிருந்து மெஷினின் இரைச்சல் கேட்டது. மின்சார சபைக்காரர் ரோட்டு வயர்களில், கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்ரரை வைத்து வைத்துப் பார்த்தார். டெஸ்ரர் எரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு மறுபடி கம்பத்தில் ஏறினார்.

மற்ற வீடுகளில் பிரிட்ஜைக்கூட நிறுத்தினோம். பின்னேரம் வரை கார் அந்த மெஷினைத் தாங்கியது. ஒரு தட்டு முட்டை ஏற்கெனவே குளிர்ந்துபோயிருந்தது. மற்றவை அடுத்த நாள் பொரித்தன.

நாலு மணிக்கு வேலை முடிந்து ரோட்டு லைனில் கரண்ட் வந்தது. காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவரே பியூஸ்களைத் திரும்பப் போட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்றேன்.

"என்னத்துக்கு? நீங்கள் வந்து சொன்னனியள். சொல்லாமப் போடுறவைதான் கனபேர். அவையளுக்குத்தான் நாங்கள் பயம்."

பட்டனில் என் விரல் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை... உங்களிடம் சொல்லிவிட்டேன்.